லெயாந்த்ரோ ஸுபானியின் சொந்தக் கை

லெயாந்த்ரோ ஸுபானி ஒரு சிற்பி என்பதை எங்கள் ஊர் லுமெஸ்ஸானேயில் யாரும் மறுத்ததில்லை. அவர் சுத்தியலைத் தொட்டவர் என்பதைத்தான் யாரும் நம்பவில்லை.

இருபத்தோரு வருடங்களாக அவருடைய எஃகுத் தகடுகள் சுவர்களில் தொங்கிக்கொண்டிருந்தன. ஜெர்மனியில் பல் வைத்தியர்களின் காத்திருப்பு அறைகளில், ஜெனோவாவிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பல்களின் மாடிப்படிகளில், எந்த ஊர் என்று விருந்தாளிக்கே மறந்துபோகும் ஓட்டல்களின் கூடத்தில். உருவம் என்று எதுவும் இருக்காது. ஒரு மடிப்பு, ஓர் அலை, சூடுபட்டு நீலம் பாய்ந்த ஒரு மூலை. 'மூச்சு ஒன்று' என்று தொடங்கி அப்போது 'மூச்சு நூற்று நாற்பது' வரை வந்திருந்தது. பல் பிடுங்க வந்தவர்கள் அதைப் பார்த்துப் பயத்தை மறக்கிறார்கள் என்று லெயாந்த்ரோ சொல்லுவார். அதைப் பார்த்த பிறகு பல்லைப் பிடுங்குவதே மேல் என்று எழுந்து உள்ளே போய்விடுகிறார்கள் என்று நீவெஸ் சொல்லுவாள்.

நீவெஸ் பொஸ்ஸீனி பட்டறையில் மெருகு போடுகிறவள். அவளும் இன்னும் ஆறு பேரும் முன்பு பாத்திரத் தொழிற்சாலையில் இருந்தவர்கள். அது மூடியபோது வேலையில்லாமல் நின்ற ஏழு பேரையும் சேர்த்துத்தான் லெயாந்த்ரோ தன் கூட்டுப் பட்டறையை ஆரம்பித்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டு கையைக் காற்றில் வீசுவார். அவ்வளவுதான் அவர் வேலை. மற்றவர்கள் அந்த வீச்சைப் பார்த்துத் தகட்டை வளைக்க வேண்டும்.

"இது என்னடா?" என்று நீவெஸ் கிசுகிசுப்பாள்.

"சூப்புக் கரண்டி," என்பான் எர்மெத்தே.

"போன வாரமும் கரண்டிதானேடா?"

"அது வீட்டுக் கரண்டி. இது கல்யாணக் கரண்டி."

எர்மெத்தே கிதீனி ஒடுங்கிய பாத்திரத்தைத் தட்டிச் சமமாக்கிப் பள்ளம் எடுக்கிறவன். பாத்திரத்தில் எங்கே ஒடுங்கியிருக்கிறது என்பதை விரல் மூட்டால் தட்டி, காதால் கண்டுபிடிப்பான். ஒரு தடவை அவன் மைத்துனி பெர்கமோவிலிருந்து தொலைபேசியில் பேசிக்கொண்டே அடுப்பில் பாத்திரத்தை வைத்தாள். "அதுல கைப்பிடிக்குக் கீழே ஒரு பள்ளம் இருக்கு, வாங்கினப்பவே இருந்துதா?" என்று இங்கிருந்தே கேட்டான். இருந்தது. மைத்துனி அன்றிலிருந்து தொலைபேசியைச் சமையலறையில் வைப்பதில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, படைப்புக்குப் பக்கத்தில் ஒட்டுகிற பெயர்ச்சீட்டைத் தவிர. பட்டறை தொடங்கிய காலத்தில் லெயாந்த்ரோவுக்குப் புரட்சி முற்றியிருந்தது. ஒரு சாசனம் எழுதினார். அதில் பதினோராம் பிரிவு: எந்தப் படைப்பில் யார் யார் கை பட்டதோ அவர்கள் எல்லோருடைய பெயரும் அகரவரிசையில் வரும், ஒரே ஒருவரின் கை மட்டும் பட்ட படைப்புக்கு அந்த ஒருவரின் பெயர் மட்டும். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டபோது அவருக்குக் கண் கலங்கியது. தன் குடும்பப் பெயரின் முதல் எழுத்துதான் இத்தாலிய நெடுங்கணக்கின் கடைசி எழுத்து என்பது அவருக்கு உறைக்கவே ஒரு வாரம் ஆனது.

ஆக, நூற்று நாற்பது மூச்சிலும் எட்டுப் பெயர்கள், அவர் எட்டாவது. பல் வைத்தியர்கள் சீட்டுக்கு முன்னால் பூந்தொட்டி வைப்பார்கள். தொட்டி எப்போதும் எட்டாவது பெயரைத்தான் மறைக்கும்.

இந்த நிலையில்தான் மிலானிலிருந்து ஓர்னெல்லா தெர்ஸாகி கடிதம் போட்டாள். பெரிய கண்காட்சி ஒன்றுக்குச் சுவர் பங்கிடுகிற விமர்சகி. நாலு எழுத்துப் படித்தவள் யாராயிருந்தாலும் எங்கள் பக்கத்தில் டாக்டரம்மாதான். இவள் யாருக்கும் ஊசி போட்டதில்லை, எழுதியே பலரைப் படுக்கையில் தள்ளியிருக்கிறாள். மூன்று மீட்டர் சுவர் காலியாக இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை வந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பாளாம்.

லெயாந்த்ரோ அந்தக் கடிதத்தைக் காப்பிக்கடையில் உரக்கப் படித்தார். கடைக்காரன் கேட்டுவிட்டு, அவருடைய கோப்பையை இழுத்துக்கொண்டான்.

"சர்க்கரைய நானே கலக்கித் தரேன் மாஸ்ட்ரோ. உங்க கைக்கு எதுக்கு வேலை? பழக்கமில்லாத கை, சுளுக்கிக்கும்."

கடை முழுக்கச் சிரித்தது. பாதிரியார்கூடச் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். தாள் குலுங்கியது.

அன்றைக்கே லெயாந்த்ரோ முடிவு செய்துவிட்டார். மிலானுக்குப் போகிற படைப்பில் தன் கை மட்டும்தான் பட்டிருக்க வேண்டும். சீட்டில் ஒரே பெயர். ஸுபானி. முதலும் அவரே, கடைசியும் அவரே.

வெள்ளிக்கிழமை காலையில் வசதி தானாக வந்தது. பழைய பாத்திரத் தொழிற்சாலை முதலாளி இறந்துபோய் அன்று அடக்கம். ஏழு பேரும் கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார்கள்.

"அவ்வளவு மரியாதையா அவர் மேல?" என்றார் லெயாந்த்ரோ.

"மரியாதையெல்லாம் இல்ல மாஸ்ட்ரோ," என்றாள் நீவெஸ். "நிஜமாவே புதைக்கிறாங்களான்னு பாத்துட்டு வந்துடறோம்."

போகும்போது ஏழு பேரில் ஒருவனான பத்திஸ்தா கணப்பில் இறைச்சிக் கம்பியை ஏற்றிவிட்டுப் போனான். பன்றி, கோழி, உருளைக்கிழங்கு, இடையிடையே மணக்கிற இலை. ஆறு மணி நேரம் நிற்காமல் சுற்ற வேண்டும். சுற்றுவதற்கு அவன் ஒரு பழைய சலவை இயந்திரத்தின் மோட்டாரைப் பூட்டியிருந்தான். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை அது பழைய ஞாபகத்தில் வேகமெடுத்து இறைச்சியைப் பிழியும். அதற்கு எல்லோரும் பழகியிருந்தார்கள்.

லெயாந்த்ரோ கதவைத் தாழிட்டார். முற்றத்துச் சுவரில் இரண்டு மீட்டருக்கு மூன்று மீட்டர் எஃகுத் தகடு ஒன்று சாய்ந்திருந்தது. பட்டறையிலேயே கனமான சுத்தியலாகப் பார்த்து எடுத்தார். கண்ணை மூடினார். ஓங்கி அடித்தார். சுத்தியல் தகட்டிலிருந்து திரும்பி வந்து அவர் முழங்காலில் விழுந்தது. இரண்டாவது அடி கட்டைவிரலில். மூன்றாவது அடி சரியாகவே விழுந்தது, ஆனால் தகடு அதைக் காயமாக எடுத்துக்கொள்ளவில்லை, பாட்டாக எடுத்துக்கொண்டது. அந்த ரீங்காரம் அடங்குவதற்குள் அவர் ஒரு சிகரெட் முழுக்கக் குடித்து முடித்தார். ஒன்றரை மணி நேரம் கழித்துத் தகட்டில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு வடு இருந்தது. அதுவும் அவர் மோதிரம் பட்டதாக இருக்கலாம்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. விமர்சகியை அழைத்துவர பிரெஷா நகரத்து ரயிலடிக்குப் போக வேண்டும். வியர்வையைத் துடைத்துக்கொண்டு தன் சின்ன பாண்டா காரில் ஏறினார். காரைக் கிளப்பினார். பின்கண்ணாடியில் தகடு தெரிந்தது. பளபளவென்று, ஒரு சிராய்ப்பும் இல்லாமல், ஊர் முழுவதும் சேர்ந்து சிரிக்கிற மாதிரி தெரிந்தது.

லெயாந்த்ரோ பின்கியரைப் போட்டார்.

சத்தம் அப்படியொன்றும் பெரிதில்லை. இறங்கிப் பார்த்தபோது தகட்டின் நடுவில் ஒரு கன்றுக்குட்டி படுத்து எழுந்துபோன மாதிரி ஒரு பள்ளம். ஓரங்கள் மடிந்து, சுருங்கி, நடுவில் இருட்டாக. நூற்று நாற்பது மூச்சிலும் இல்லாத ஏதோ ஒன்று அதில் இருந்தது. அவர் அழுதார். கொஞ்ச நேரம் அழுத பிறகு, கார் தன்னுடையது, கியர் போட்டது தன் கை, ஆகவே பள்ளமும் தன் கை வேலைதான் என்று அவருக்கு விளங்கியது. இவ்வளவு சுலபமாக விளங்கிக்கொள்கிற மனிதர்கள் குறைவு.

'காயம்' என்று அதற்குப் பெயரிட்டார். மஞ்சள் சாக்கட்டியை எடுத்துப் பள்ளத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டுவிட்டு ரயிலடிக்குப் பறந்தார்.

பாத்திரத் தொழிற்சாலையில் வேலை பார்த்திருந்தால் அதைச் செய்திருக்க மாட்டார். அங்கே மேற்பார்வையாளர் ஒடுங்கிய பாத்திரத்தைக் கண்டால் பள்ளத்தைச் சுற்றி மஞ்சள் சாக்கட்டியால் வட்டமிட்டுப் பக்கத்தில் தன் எழுத்தைப் போடுவார். 'இதை எடுத்துவிட்டுத்தான் சாப்பிடப் போகணும்' என்று அதற்கு அர்த்தம். ஒடுங்கிய சாமான் எதுவும் எங்கள் மலைப் பள்ளத்தாக்கை விட்டு வெளியே போனதில்லை. பதினைந்து வருடம் அந்த வட்டத்தைப் பார்த்துப் பார்த்து அவர்கள் உடம்பிலேயே ஊறிப்போயிருந்தது. ஞானஸ்நானத்தில் குழந்தையின் நெற்றியில் யாராவது மஞ்சள் வட்டம் போட்டால் எர்மெத்தே மரச்சுத்தியலைத் தேடுவான்.

முதலாளி நிஜமாகவே புதைக்கப்பட்டுவிட்ட திருப்தியில் ஏழு பேரும் பன்னிரண்டு மணிக்குத் திரும்பினார்கள். இறைச்சி மணம் தெரு முனையிலேயே வரவேற்றது. பத்திஸ்தா சோளக்களிக்குத் தண்ணீர் வைக்கப் போனான். நீவெஸ் முற்றத்தில் நின்றுவிட்டாள்.

"அடப்பாவிகளா. வட்டம் போட்டிருக்கு."

எல்லோரும் வந்து பார்த்தார்கள்.

"எந்தப் படுபாவியோ வண்டியக் கொண்டுவந்து இடிச்சிருக்கான்," என்றான் எர்மெத்தே. தகட்டை ஒரு தட்டுத் தட்டிக் காதை வைத்தான். "சின்ன வண்டி. பின்பக்கமா வந்திருக்கான். ஓட்டினவனுக்கு ஓட்டத் தெரியாது."

"பாவம் மாஸ்ட்ரோ. டாக்டரம்மா வர்ற அன்னைக்கா இப்படி?" என்றாள் நீவெஸ். "வட்டம் போட்டுட்டுப் போயிருக்காரு பாரு. இருபத்தோரு வருஷத்துல அந்த மனுஷன் நம்மகிட்ட வாயத் தெறந்து கேட்ட முதல் உருப்படியான வேலை இது."

ஏழு பேரும் இறைச்சியைப் பார்த்தார்கள். வட்டத்தைப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் மனிதர்கள் அதைவிடப் பெரிய தியாகம் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. சட்டையைக் கழற்றினார்கள்.

மிலான் ரயில் வழக்கம்போல இரண்டரை மணி நேரம் தாமதம். அது அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. எர்மெத்தே பின்பக்கமிருந்து தட்டினான், மூன்று பேர் முன்பக்கம் தாங்கிப் பிடித்தார்கள். பள்ளம் சாசர் ஆனது, சாசர் காசு ஆனது, காசு ஒன்றுமில்லாமல் ஆனது. பிறகு நீவெஸ் மெருகுச் சக்கரத்தோடு இறங்கினாள். அவள் முடித்தபோது, தகட்டின் வெளிச்சம் பட்டு எதிர்மலையில் ஏப்ரல் வரைக்கும் கிடக்க வேண்டிய பனி ஒரு பட்டை உருகிப்போயிருந்தது. தகட்டைப் பார்த்து ஒரு சிட்டுக்குருவி தன் பிம்பத்தோடு அரை மணி நேரம் சண்டை போட்டது, பிறகு சமாதானமாகி அதோடு குடித்தனம் நடத்தத் தயாரானது. துரத்திவிட்டார்கள். உள்ளே தூக்கிக்கொண்டுபோய்ச் சுவரில் மாட்டினார்கள்.

இதெல்லாம் தெரியாமல் லெயாந்த்ரோ பிரெஷாவிலிருந்து விமர்சகியோடு வந்துகொண்டிருந்தார். பாண்டாவின் பின்கதவு நசுங்கித் திறக்க மறுத்ததால் ஓர்னெல்லா தெர்ஸாகி தன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்கு மேல் அவள் நெற்றியும் கண்ணாடியும் மட்டும் தெரிந்தன.

"வண்டிக்கு என்னாச்சு?" என்றாள்.

"பிரெஷாக்காரங்க ஓட்டற லட்சணம்," என்றார் லெயாந்த்ரோ. "அத விடுங்க. நான் சொல்றதக் கேளுங்க. நாலு மணி நேரம். தனியா. இந்தக் கையால. இந்தக் கட்டைவிரலப் பாருங்க."

"நீலமா இருக்கு."

"எஃகும் நானும் போட்ட சண்டை அது. நீங்க பாக்கப்போறது படைப்பு இல்ல, காயம். என் காயம். வேற ஒருத்தர் கை அதுல படல."

"உங்க கூட்டாளிங்க?"

"சாவு வீட்டுக்குப் போயிருக்காங்க," என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

பட்டறைக்குள் நுழைந்ததும் லெயாந்த்ரோ விமர்சகியின் தோளைப் பிடித்துச் சுவர் பக்கம் திருப்பினார். தானும் திரும்பினார். சுவரில் அவரே நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் பெட்டியோடு ஒரு பெண்மணி. பின்னால் ஏழு பேர், கையில் எண்ணெயும் முகத்தில் பெருமையுமாக.

"கவலைப்படாதீங்க மாஸ்ட்ரோ, எடுத்தாச்சு," என்றாள் நீவெஸ்.

"எத?"

"பள்ளத்தத்தான். நீங்க வட்டம் போட்டிருந்தீங்களே."

லெயாந்த்ரோவின் வாய் திறந்தது. தகட்டிலும் திறந்தது. அதில் ஒவ்வொரு பல்லும் தெளிவாகத் தெரிந்தது.

"அது என் காயம்டீ! நான் செஞ்சது! என் சொந்தக் கையால..."

"கையாலயா?" என்றான் எர்மெத்தே. அவனுக்கு யாரையும் மாட்டிவிடும் எண்ணம் இல்லை. தொழில் விஷயத்தில் தவறாகப் பேசினால் பொறுக்காது, அவ்வளவுதான். "கையால இப்படி வராது மாஸ்ட்ரோ. நடுவுல நேரா ஒரு கோடு. அது பம்பர். வலது பக்கம் ஆழம் அதிகம். ஓட்டினவன் திரும்பிப் பாக்காம வந்திருக்கான். மடிப்புல இதுவும் மாட்டியிருந்துச்சு."

சட்டைப்பையிலிருந்து சிவப்பு பிளாஸ்டிக் சில்லு ஒன்றை எடுத்து நீட்டினான். விமர்சகி அதை வாங்கினாள். பெட்டியைக் கீழே வைத்தாள். முற்றத்துக்குப் போய், பாண்டாவின் உடைந்த பின்விளக்கில் சில்லைப் பொருத்திப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. திரும்பி வந்தாள்.

"பிரெஷாக்காரங்க?" என்றாள்.

"டாக்டரம்மா, கருவிதான் வேற," என்றார் லெயாந்த்ரோ. "ஒருத்தன் உளிய எடுக்கறான். ஒருத்தன்..."

"ரிவர்ஸ் எடுக்கறான்," என்றாள் நீவெஸ்.

விமர்சகிக்கு அன்று காலையிலிருந்து சாப்பாடு கிடையாது. கணப்புப் பக்கம் மூக்கு திரும்பியது. "எனக்குத் திங்கக்கிழமை சுவர்ல ஒண்ணு தொங்கணும். இத எடுத்துக்கறேன். யார் பேரப் போடறது? சாப்பிட்டுக்கிட்டே பேசலாமே."

உட்கார்ந்தார்கள். சோளக்களி மேசைப் பலகையில் கொட்டப்பட்டது, இறைச்சி அதன் மேல் விழுந்தது. ஆறு தடவை பிழியப்பட்ட இறைச்சியாக இருந்தாலும் அன்று யாரும் குறை சொல்லவில்லை. லெயாந்த்ரோ தட்டைத் தொடவில்லை.

"யோசனை என்னோடது," என்றார்.

"சாசனத்துல யோசனைங்கற வார்த்தையே கிடையாது," என்றாள் நீவெஸ். "கைதான் இருக்கு. நீங்க எழுதினதுதான். எழுதிட்டு அழுதீங்க."

"ஸ்டியரிங்கப் பிடிச்சது என் கைதானே?"

"அப்ப ஸ்டியரிங்குல பேர் எழுதிக்குங்க."

"நீவெஸ், நான் கெஞ்சறேன். எனக்கு வயசு அறுபத்திரண்டு. ஒரே ஒரு சீட்டு. அதுல பூந்தொட்டிக்குப் பின்னால இல்லாம ஒரே ஒரு வரி."

அவர் இப்படிப் பேசி அவர்கள் கேட்டதே இல்லை. இரண்டு பேருக்குத் தொண்டை அடைத்தது. அதில் ஒருவருக்குக் கோழி எலும்பு. சாசனப்படி ஓட்டெடுப்பு நடந்தது. ஸுபானியின் பெயர் சீட்டில் வரலாமா? மூன்று கைகள் உயர்ந்தன, மூன்று உயரவில்லை. பத்திஸ்தா மென்றுகொண்டிருந்தான். எல்லோரும் அவனுக்காகக் காத்திருந்தார்கள். லெயாந்த்ரோ அந்தத் தாடையைப் பார்த்த பார்வையை எந்தத் தகட்டையும் பார்த்ததில்லை. பத்திஸ்தா விழுங்கினான். ஒயினைக் குடித்தான். வாயைத் துடைத்தான்.

"வரட்டும்," என்றான்.

லெயாந்த்ரோ எழுந்து அவனைக் கட்டிப்பிடிக்கப் போனார்.

"இருங்க மாஸ்ட்ரோ, முடிக்கல. யார் என்ன செஞ்சாங்களோ அதப் போடுங்க. நாங்க தகட்ட சரிபண்ணினோம், அது எங்க பேர்ல. அவர் பள்ளம் போட்டாரு, அது அவர் பேர்ல. தனி வரி கேட்டாரு, குடுத்துடுங்க."

விமர்சகி நாலாவது துண்டை எடுத்துக்கொண்டே அதைக் குறித்துக்கொண்டாள்.

அப்படித்தான் அந்தச் சீட்டு மிலானில் தொங்கியது. முதல் வரியில் ஏழு பெயர்கள். அதற்குக் கீழே, நல்ல இடைவெளி விட்டு, தனி வரியில்:

'பள்ளம் (நீக்கப்பட்டது): லெயாந்த்ரோ ஸுபானி.'

கண்காட்சி நடந்த இரண்டு மாதமும் அவர் வீட்டுக்கு வரவில்லை. தினமும் காலையில் கண்காட்சி திறக்கும்போதே போய்த் தகட்டின் பக்கத்தில் நின்றுகொள்வார். மிலான்காரர்கள் எதையும் ஆழ்ந்து பார்ப்பவர்கள். அதிலும் கண்ணாடி மாதிரி இருந்தால் இன்னும் ஆழ்ந்து பார்ப்பார்கள். தலைமுடியைச் சரிசெய்வார்கள், டையை இறுக்குவார்கள். ஒரு நாள் உயரமான பெண்மணி ஒருத்தி வந்து, தகட்டுக்கு நேரே நின்று, உதட்டுச் சாயத்தைத் திறந்தாள்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றார் லெயாந்த்ரோ.

"ஏன்?"

"நீங்க மறைக்கறீங்க."

அவள் ஒதுங்கித் தகட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். சீட்டைப் படித்தாள். மறுபடி தகட்டைப் பார்த்தாள்.

"எங்க இருந்துச்சு?"

இத்தனை நாளில் யாரும் அதைக் கேட்டதில்லை. லெயாந்த்ரோ கண்ணை மூடிக்கொண்டார். கையை நீட்டி, காற்றில் அந்தப் பள்ளத்தை விளிம்பு முதல் விளிம்பு வரை, ஒரு மடிப்பு விடாமல் வரைந்து காட்டினார். கண்ணைத் திறந்தபோது அவள் மேல் உதட்டை முடித்துக் கீழ் உதட்டுக்கு வந்திருந்தாள்.